இரத்தத்தில் தோன்றும் அழற்சிக் குறிகளும் இதய நோயும்

விளையாட்டுத் திடலில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்ட மாணவனை மறுநாள் காலையில் பார்க்கும் ஆசிரியர், காயத்தைச் சுற்றித் தோல் சிவந்திருப்பதையும், தொட்டால் சுடுவதையும், அவ்விடம் வீங்கி வலிப்பதையும் காண்கிறார். சிவப்பு, வெம்மை, வீக்கம், வலி என்னும் இந்நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியைச் சேர்ந்த கெல்சஸ் என்பவர் தம் மருத்துவ நூலில் ஒருசேரக் குறித்துவைத்தார். இந்நிலைக்கு நம் மொழியில் ‘அழற்சி’ என்று பெயர். அழல் என்பது நெருப்பு. மேனாட்டார் வழங்கும் பெயரும் நெருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றே பிறந்ததாகும்.

முழங்காலில் மூளும் அழல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகள் மெல்லக் கனலும் அழல் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் வலியும் தருவதில்லை. அதனை இரத்தச் சோதனையால் அறிய இயலுமா? அறிந்தால் அதனை எவ்வாறு பொருள்கொள்வது? நம் களப்பணியாளரின் எடைப் பதிவேட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. அழற்சியின் பணி

அழற்சி என்பது தன்னளவில் ஒரு நோயன்று. அஃது உடலின் காவல்முறை. கிருமி புகுந்தாலும், திசு சிதைந்தாலும், அவ்விடத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. மிகுதியான இரத்தம் பாய்வதால் சிவப்பும் வெம்மையும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து நீர் கசிவதால் வீக்கம் ஏற்படுகிறது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குழாயை விட்டு வெளியேறி, கிருமிகளையும் சிதைந்த திசுவையும் விழுங்கி அழிக்கின்றன. பணி முடிந்ததும் அழற்சி அடங்குகிறது, புண் ஆறுகிறது. இது குறுங்கால அழற்சி எனப்படும்.

தூண்டும் காரணம் நீங்காமல் நாள்தோறும் தொடருமாயின் அழற்சியும் அடங்குவதில்லை. காக்க வந்த வெள்ளணுக்களே அவ்விடத்தில் தங்கிச் சேதம் விளைவிக்கின்றன. இது நெடுங்கால அழற்சியாகும். இதய நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்த இரண்டாம் வகையே முதன்மையானது.

2. தமனிச் சுவரில் நிகழ்வது

தமனியின் உட்புறம் மெல்லிய ஓர் அணுப்படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. புகையிலை, உயர்ந்த இரத்த அழுத்தம், மிகுந்த சர்க்கரை ஆகியவற்றால் இப்படலம் பழுதுறும்போது, இரத்தத்திலுள்ள தாழ்-அடர்த்திக் கொலஸ்டிரால் துகள்கள் அதன் அடியிற் புகுந்து தங்கிவிடுகின்றன. அவற்றை அகற்ற வெள்ளணுக்கள் வருகின்றன. அளவின்றி விழுங்கி, நுரை போன்ற தோற்றமுடைய அணுக்களாக மாறி, அங்கேயே மடிகின்றன. இவ்வாறு கொழுப்பும் மடிந்த அணுக்களும் சேர்ந்து ஒரு படிவு உண்டாகிறது. அதன்மேல் நார்த்திசு ஒரு மூடி போல் வளர்கிறது.

தமனி சிறிது சிறிதாக அடைபட்டு, முடிவில் முழுதும் மூடிக்கொள்வதே மாரடைப்பு என்று பலரும் எண்ணுவர். உண்மையில், பெருவாரியான மாரடைப்புகளில் நிகழ்வது வேறு. படிவினுள் இருக்கும் அழற்சி அணுக்கள் நார் மூடியை அரித்து மெலியச் செய்கின்றன. ஒரு நாள் அம்மூடி கிழிகிறது. உள்ளிருக்கும் பொருள் இரத்தத்தைத் தொட்டவுடன் அங்கே இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைத்துவிடுகிறது. நேற்றுவரை நலமாய் நடமாடியவர் இன்று திடீரென மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவதற்குக் காரணம் இதுவே.

தமனிப் படிவில் அழற்சிக்குப் பங்குண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் விர்கோ 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கூறினார். எனினும் அக்கருத்து நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸ், தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோயே என்று சான்றுகளைத் தொகுத்துக் காட்டிய பின்னர் அது பரவலாக ஏற்கப்பட்டது. கொலஸ்டிராலின் பங்கு இதனால் குறைந்துவிடவில்லை. கொலஸ்டிரால் விறகாயின், அழற்சி அதில் பற்றும் தீயாகும்.

3. இரத்தத்தில் தெரியும் குறிகள்

உடலில் எங்கேனும் அழற்சி உண்டாயின் இரத்தத்தில் சில மாறுதல்கள் தோன்றும். இவற்றுள் நம் மருத்துவமனைகளில் நெடுநாளாக வழங்குவது செவ்வணுப் படிவு வீதம். நிறுத்திவைத்த கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு கீழிறங்குகின்றன என்று இதில் அளக்கிறோம். அழற்சியின்போது ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்கள் மிகுவதால் சிவப்பணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு விரைந்து படிகின்றன.

மற்றொன்று சி-எதிர்வினைப் புரதம். 1930இல் நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் இரத்த நீரில் இதனைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்று பெயரிடப்பட்ட சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து இது வீழ்படிவானமையால் இப்பெயர் அமைந்தது. பெயரிலுள்ள எழுத்தைக் கண்டு, இதனை உயிர்ச்சத்து ‘சி’யோடு குழப்பிக்கொள்ளலாகாது.

இப்புரதம் கல்லீரலில் உண்டாகிறது. அழற்சி நிகழும் இடத்திலிருந்து இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் இதனை மிகுதியாக ஆக்கத் தொடங்குகிறது. கடுமையான தொற்றின்போது இதன் அளவு இரண்டொரு நாளில் நூறு மடங்குக்கு மேலும் உயரும். காரணம் நீங்கிய பின் ஏறத்தாழ 19 மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

நலமுடையோர் இரத்தத்திலும் இப்புரதம் மிகச் சிறிதளவு உண்டு. அச்சிறு அளவையும் பிழையின்றி அளக்கும் நுண்ணுணர்வுச் சோதனை வந்த பின்னரே இதய நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு புலனாயிற்று. 1997இல் ரிட்கர் என்பவரும் அவர்தம் குழுவினரும், அமெரிக்க ஆண் மருத்துவர்களிடமிருந்து அவர்கள் நலமாயிருந்த காலத்தில் எடுத்துவைத்திருந்த இரத்தத்தை ஆராய்ந்தனர். பின்னாளில் மாரடைப்போ, பக்கவாதமோ, சிரையில் இரத்தக் கட்டோ உற்ற 543 பேரையும், அவ்வாறு உறாத 543 பேரையும் ஒப்பிட்டனர். புரத அளவு மிக உயர்ந்திருந்த கால் பங்கினருக்கு மிகத் தாழ்ந்திருந்த கால் பங்கினரைவிட மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்திருந்தது.

2003இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் வகுத்த வரம்பு பின்வருமாறு: ஒரு லிட்டர் இரத்த நீரில் 1 மில்லிகிராமுக்குக் குறைவாயின் வாய்ப்பு குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் மிகுதி. 10க்கு மேற்பட்டால் இதயத்தைப் பற்றி முடிவு கூறாமல், முதலில் தொற்று முதலிய வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

4. புகையும் நெருப்பும்

மலைமேல் புகையைக் கண்டு அங்கே தீ உண்டென்று உணர்வதைத் தருக்க நூலார் அனுமானத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். சி-எதிர்வினைப் புரதமும் இத்தகைய புகையே. புகையைக் கொண்டு தீயை உய்த்துணரலாம். புகையை விசிறி அகற்றினால் தீ அணையாது.

இஃது உவமை மட்டுமன்று. ஆய்வாலும் தெளிந்த உண்மையாகும். மரபணு வேறுபாட்டால் சிலர் வாழ்நாள் முழுதும் இப்புரதத்தை மிகுதியாகச் சுரப்பவராய்ப் பிறக்கின்றனர். புரதமே நோய்க்குக் காரணமாயின் இவர்களுக்கு மாரடைப்பும் மிகுதல் வேண்டும். 2011இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வில் அவ்வாறு காணப்படவில்லை. ஆனால் இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தணிக்கும் மரபணு வேறுபாடு உடையோர்க்கு இதய நோய் சற்றுக் குறைவு என்பது 2012இல் அறியப்பட்டது. எனவே காரணம் புரதத்தில் இல்லை. புரதத்தை எழுப்பும் அழற்சித் தொடரில் இருக்கிறது.

இத்தொடரை இடையில் அறுத்தால் பயன் உண்டா? 2017இல் வெளியான ஒரு சோதனையில், முன்பே மாரடைப்பு உற்றவரும் புரத அளவு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ உடையவருமான 10,061 பேர் பங்குகொண்டனர். அழற்சித் தூதுப்பொருள் ஒன்றைத் தடுக்கும் கனகினுமாப் என்னும் மருந்து ஊசிவழி அளிக்கப்பட்டது. கொலஸ்டிரால் குறையவில்லை, எனினும் 150 மில்லிகிராம் பெற்றோரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயக் குழாய் நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. அழற்சியைத் தணிப்பதே பயன் தரும் என்பதற்கு இது நேரான சான்றாயிற்று. ஆயினும் உயிர்போக்கும் தொற்றுகள் சற்று மிகுந்தன. மொத்த மரணம் குறையவில்லை. காவற்காரனைக் கட்டிப்போட்டால் கள்வனுக்கு வழி திறக்கும் என்பதை இது காட்டுகிறது.

கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் கோல்ச்சிசின் என்னும் மருந்தைச் சிறு அளவில் தந்தபோது, நிலைப்பட்ட இதய நோயாளரிடம் மாரடைப்பு முதலியவை குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மாரடைப்பு உற்றவுடன் அதனைத் தந்து பார்த்த பெருஞ்சோதனை 2024இல் வெளிவந்தபோது அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே இம்மருந்துகள் மருத்துவரே ஆராய்ந்து தரத்தக்கவை.

5. தில்லிப் பிறப்புத் தொடராய்வு

அழல் எப்பொழுது மூளத் தொடங்குகிறது? இவ்வினாவுக்கு விடை தேட, குழந்தைப் பருவ அளவுகளும் வளர்ந்தபின் எடுத்த இரத்தச் சோதனையும் ஒரே மனிதரிடமிருந்து கிடைத்தல் வேண்டும். உலகில் இத்தகைய பதிவுகள் அரியவை. அவற்றுள் ஒன்று நம் தலைநகரில் உள்ளது.

1969 முதல் 1972 வரை தெற்குத் தில்லியில் வரையறுத்த ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழ்ந்த மணமான பெண்டிரைப் பணியாளர் வீடுதோறும் சென்று பதிவுசெய்தனர். அவர்களுக்கு உயிரோடு பிறந்த 8,181 குழந்தைகளின் எடையும் நீளமும் பிறந்த மூன்று நாட்களுக்குள் அளக்கப்பட்டன. முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு திங்களுக்கு ஒருமுறையும் அளவைகள் தொடர்ந்தன. குழந்தைநல மருத்துவர்களான சாந்தி கோஷ், சந்தோஷ் பார்கவா ஆகியோர் இப்பணியை முன்னின்று நடத்தினர்.

அக்குழந்தைகள் 26 முதல் 32 வயதினராய் வளர்ந்தபின், 1998க்கும் 2002க்கும் இடையில் அவர்களுள் சுமார் 1,500 பேரைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் ஆராய்ந்தனர். 1,492 பேரின் சர்க்கரைச் சோதனை முடிவு 2004இல் வெளியாயிற்று. அந்த இளவயதிலேயே 4.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும், 10.8 விழுக்காட்டினர்க்கு அதற்கு முந்திய சர்க்கரைக் கோளாறும் இருந்தன. பழைய பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு வியப்பான செய்தி வெளிப்பட்டது. இவர்கள் பொதுவாக இரண்டு வயது வரை மெலிந்த குழந்தைகளாகவே இருந்தவர்கள். அதன்பின் உயரத்துக்கு ஒப்ப இருக்கவேண்டிய எடையைக் கடந்து விரைவாகப் பருமன் கூடியவர்கள். எனினும் 12 வயதில் இவர்களுள் ஒருவரும் உடற்பருமன் நோயுடையவர் என்று வகுக்கத்தக்க நிலையில் இல்லை. வகுப்பறையில் ஆசிரியர் கண்ணுக்கு இவர்கள் இயல்பான மாணவராகவே தோன்றியிருப்பர்.

இதே தொகுதியினரின் இரத்தத்தில் சி-எதிர்வினைப் புரதம், ஃபைப்ரினோஜன், இரத்தக் கட்டு கரைவதைத் தடுக்கும் மற்றொரு புரதம் ஆகியனவும் அளக்கப்பட்டன. உடற்கொழுப்பு மிகுந்தோரிடம் இக்குறிகள் உயர்ந்திருந்தன. குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் உயரத்தை மிஞ்சிப் பருமன் கூடியோரிடமும் இவை உயர்ந்திருந்தன.

இதன் காரணம் விளங்கக்கூடியதே. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அது இன்டர்லூக்கின்-6 முதலிய தூதுப்பொருள்களைத் தானே சுரக்கிறது. கிருமியும் காயமும் இல்லாதபோதே கல்லீரலுக்கு அழற்சிச் செய்தி சென்றுகொண்டிருக்கிறது.

இவ்வாய்வின் எல்லையையும் அறிதல் வேண்டும். தொடக்கத்தில் பதிவானவருள் ஐந்தில் ஒரு பங்கினர் அளவே பின்னாளில் கிடைத்தனர். அளக்கப்பட்டவை குறிகள், மாரடைப்புகள் அல்ல. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிதலும் கூடாது. எனினும், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதளவிலும், பிற நாட்டினர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருகிறது என்று பன்னாட்டு ஆய்வொன்று காட்டியிருப்பதோடு இதனைச் சேர்த்து நோக்கினால், நம் காவல் இளமையிலேயே தொடங்கவேண்டும் என்பது விளங்கும்.

6. மாணவரிடம் காணும் மற்றொரு வழி

அழற்சி இதயத்தைத் தாக்கும் வேறொரு வழியும் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் உற்ற சிறுவர் சிலருக்கு, இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின் மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கமும் காய்ச்சலும் தோன்றும். இதுவே வாதக் காய்ச்சல். இதனால் இதய வால்வுகள் நிலையாகப் பழுதுறக்கூடும். இங்கும் செவ்வணுப் படிவு வீதமும் சி-எதிர்வினைப் புரதமும் உயர்கின்றன. நோயைத் துணிவதற்கான துணை அடையாளங்களுள் இவை இடம்பெற்றுள்ளன. ஒரே குறி இருவேறு நோய்களில் உயர்வதைக் கவனிக்க. குறி ‘தீ உண்டு’ என்று மட்டுமே சொல்லும். எவ்விடத்தில், எதனால் என்று சொல்லாது.

7. களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

(அ) ஒரே ஒரு சோதனைத் தாளைக் கொண்டு யாரையும் அச்சுறுத்தலாகாது. சளிக் காய்ச்சல், பல் ஈறுச் சீழ், அண்மையில் பட்ட காயம் ஆகியவற்றாலும் சி-எதிர்வினைப் புரதம் உயரும். அவை தணிந்து இரண்டு வாரங்கள் கழித்து மறுமுறை பார்ப்பதே முறை. அளவு தாழ்ந்திருக்கிறது என்று கூறிப் புகைபிடிப்பவர் நிம்மதி கொள்வதும் தவறு.

(ஆ) இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால், இடுப்புச் சுற்றளவு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை முதலில் அறிக. நம் நாட்டினர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆடவரிடம் 90 சென்டிமீட்டரையும், பெண்டிரிடம் 80 சென்டிமீட்டரையும் கடந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இதற்கு ஒரு நாடா போதும். அழற்சிக் குறியை அளப்பது ஐயமுள்ள இடத்தில் மருத்துவர்க்கு உதவும் கூடுதற் சோதனையே.

(இ) ‘அழற்சிதானே காரணம், வலி மாத்திரை அழற்சியைத் தணிக்குமே’ என்று எண்ணி அதனை நாள்தோறும் விழுங்குவோர் உளர். இது பெருந்தவறு. டைக்ளோஃபெனாக் முதலிய வலி நீக்கிகள் தொடர்ந்து உண்பவர்க்கு மாரடைப்பு வாய்ப்பை மிகுவிக்கின்றன. அவ்வினத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்னும் மருந்து இக்காரணத்தாலேயே 2004இல் விற்பனையினின்று நீக்கப்பட்டது.

(ஈ) புகையிலையை விடுதல், நாள்தோறும் விரைவாக நடத்தல், மிகுந்த எடையைக் குறைத்தல், பல் ஈறுகளைத் தூய்மையாக வைத்தல் ஆகியவை தீயின் மூலத்தையே தணிக்கும். அடுப்புப் புகையும், தில்லியின் குளிர்காலக் காற்றில் செறியும் நுண்துகள்களும் இதய நோயை வளர்ப்பன. ஆதலின் மாசு மிகுந்த நாட்களில் மாணவரைத் திறந்த வெளியில் ஓடி ஆடச் செய்யாதிருத்தல் நன்று.

(உ) தொண்டை வலியும் அதன்பின் மூட்டு வீக்கமும் உள்ள மாணவரைக் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புக. மார்பில் அழுத்தும் வலி, வியர்வை, இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி ஆகியவற்றோடு ஒருவரைக் கண்டால் இரத்தச் சோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனை சேர்க்க.

(ஊ) எடையையும் உயரத்தையும் சேர்த்தே அளந்து, தேதியோடு பதிவுசெய்க. எடை மட்டும் கூடுவது வளர்ச்சியன்று. மெலிந்த குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் நல்ல உணவு கிடைக்கச் செய்தலும், பள்ளி வயதில் உயரத்தை மிஞ்சிப் பருமன் கூடாமல் காத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

1970இல் தெற்குத் தில்லியில் ஒரு வீட்டு வாசலில் குழந்தையைத் தராசில் வைத்து எடையைக் குறித்த பணியாளர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வுக்கூடம் அந்த எண்ணைத் தேடி வரும் என்று எதிர்பார்த்திருக்க இயலாது. அவர் அதனை ஒழுங்காக எழுதிவைத்தமையாற்றான் இன்று நாம் இவ்வுண்மையை அறிகிறோம். அன்று அவர் மனம்போனபடி ஓர் எண்ணை எழுதியிருப்பாராயின், பின்னாளில் எத்துணை நுட்பமான இரத்தச் சோதனையாலும் அக்குறையை ஈடுசெய்திருக்க முடியாது. இன்று நம் கையிலுள்ள பதிவேடும் அத்தகையதே.

பயிற்சி வினாக்கள்

1. குறுங்கால அழற்சிக்கும் நெடுங்கால அழற்சிக்கும் உள்ள வேறுபாடு யாது? ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. சி-எதிர்வினைப் புரதம் நோயின் காரணமன்று, குறியே என்பதை எச்சான்றால் அறிகிறோம்?
3. சளிக் காய்ச்சல் உள்ள ஒருவரின் புரத அளவு 14 மில்லிகிராம் என்று வந்துள்ளது. அவருக்கு நீவிர் கூறும் அறிவுரை யாது?
4. நும் பள்ளியிலோ நிலையத்திலோ உள்ள எடைப் பதிவேட்டைப் பார்த்து, எத்தனை குழந்தைகளுக்கு உயரமும் சேர்த்துக் குறிக்கப்பட்டுள்ளது என்று கணக்கிடுக.